கொட்டாஞ்சேனையில் ஒரு ரோஸ் முக்காடு

கொழும்புக்கு நான் போனது ஒரு நிறத்தைப் பார்ப்பதற்காக. விருத்தாசலத்தில் நான் வேலை பார்த்த தொழிற்கூடம், பீங்கானுக்கும் ஓடுகளுக்கும் வேண்டிய நிறப்பொடியும் மெருகுப்பொடியும் செய்து விற்றது. அங்கே ரசாயனம் படித்தவன் நான் ஒருவன்தான். கொட்டாஞ்சேனையிலிருந்து ரெஜினா என்ற பெண்மணி கடிதம் எழுதியிருந்தார். சிறிய ஓட்டுப் பட்டறை ஒன்றை நடத்துபவர். கோவில் சுவரில் பதிப்பதற்காக இருபத்துநாலு ஓடுகளில் மாதாவின் படம் வரைந்து சுட்டிருக்கிறார். நீலமாக வரவேண்டிய முக்காடு ரோஸ் நிறத்தில் வந்துவிட்டது. கிறிஸ்மஸுக்கு முன் யாராவது நேரில் வந்து காரணம் சொல்லவேண்டும்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். "போய்ப் பாருங்க. அவங்க சூளைதான் காரணம்னு ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்துடுங்க. சண்டை நடக்கிற ஊர்ல எவன் சூளையை ஒழுங்கா எரிப்பான்?"

கட்டுநாயக்க விமான நிலையத்தில் என் பையைத் திறந்த அதிகாரி, அடியில் இருந்த இரண்டு பிளாஸ்டிக் டப்பாக்களை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்றில் நீலப்பொடி, மற்றதில் வெள்ளைப் பொடி. இரண்டும் ஒழுங்கான சரக்கு என்று எனக்குத் தெரியும், ஒப்பிட்டுப் பார்க்கக் கொண்டுபோனவை. அவர் வெள்ளையை விரலில் தேய்த்தார், முகர்ந்தார், இன்னொருவரைக் கூப்பிட்டார். அவரும் தேய்த்தார், முகர்ந்தார். ஒன்றரை மணி நேரம் அந்த டப்பாக்கள் கை மாறிக்கொண்டிருந்தன. கடைசியில் என் கம்பெனிக் கடிதத்தின்மேல் ஒரு முத்திரை குத்தித் திருப்பித் தந்தார்கள். அதற்குப் பிறகு அந்த ஊரில் இருந்த நாள் முழுக்க, என் கை அடிக்கடி சட்டைப்பைக்குப் போய் பாஸ்போர்ட்டைத் தொட்டுப் பார்த்தபடியே இருந்தது.

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் சந்து ஒன்றில் லொட்ஜ். அங்கே சந்துக்கு ஒழுங்கை என்று பெயர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கனடாவுக்கோ சுவிஸுக்கோ விசா வரும்வரை காத்திருக்கும் குடும்பங்கள் அறைக்கு ஒன்றாக இருந்தன. எல்லாரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மானேஜர் நாகராசா, சாவியைத் தருவதற்கு முன் ஒரு படிவத்தைத் தந்தார்.

"தம்பி, முதல்ல பொலிஸில பதியோணும். பதிஞ்ச துண்டு இல்லாமல் ரோட்டில இறங்கவேண்டாம்."

"நான் இந்தியன்தானே சார். பாஸ்போர்ட் இருக்கு."

"அதை ஆமிக்காரனுக்குத் தமிழில சொல்லப்போறியளோ?" என்று கேட்டுவிட்டு, "இஞ்ச ஆரைத் தெரியுமெண்டு ஒரு பேரும் ஃபோன் நம்பரும் எழுதுங்கோ" என்றார். ரெஜினாவின் பெயரை எழுதினேன்.

இரவுச் சாப்பாடு இடியப்பமும் சொதியும். எங்கள் பக்கம் இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பால் ஊற்றினால் சர்க்கரையும் போடுவோம். இங்கே அதே தேங்காய்ப்பாலில் மஞ்சளும் பச்சைமிளகாயும் வெங்காயமும் போட்டுத் தேசிக்காய் பிழிந்திருந்தார்கள். எலுமிச்சைக்கு அங்கே அதுதான் பெயர். இனிப்பை எதிர்பார்த்த நாக்கு முதலில் திகைத்தது. மூன்றாவது வாயில் பழகிவிட்டது.

மறுநாள் காலை புறக்கோட்டைக்கு பஸ் ஏறினேன். வழியில் மூன்று இடத்தில் எல்லாரையும் இறக்கி, அடையாள அட்டை பார்த்து, நடக்கவைத்து, மறுபடி ஏற்றினார்கள். மற்றவர்களுக்கு இது பழகியிருந்தது. பேசிய பேச்சை விடாமலே இறங்கினார்கள், ஏறினார்கள். மூன்றாவது இடத்தில் சிப்பாய் என் பாஸ்போர்ட்டின் ஒவ்வொரு தாளாகப் புரட்டினான். வெறும் தாளையும் புரட்டினான். நிமிர்ந்து பார்த்தபோது பஸ் போய்விட்டது. மிச்ச தூரத்தை நடந்தேன். கொச்சிக்காய் என்னும் மிளகாய் மூட்டை, கருவாடு, துணிக்கட்டு என்று நாட்டாமைகள், அதாவது சுமைக்கூலிகள், தள்ளிக்கொண்டு போன வண்டிகளுக்கு நடுவே ஒதுங்கி ஒதுங்கி, கொட்டாஞ்சேனைக்கு வந்து சேர்ந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

பட்டறை ஒரு குறுகிய ஒழுங்கையின் முடிவில் இருந்தது. ஒருகாலத்தில் பேக்கரியாம். பாண் சுட்ட போறணையை இடித்துத்தான் ஓட்டுச் சூளை கட்டியிருந்தார்கள். அதையும் போறணை என்றே சொன்னார்கள். ரெஜினாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கையில் உலர்ந்த களிமண். என்னைப் பார்த்ததும் நலம் விசாரிக்கவில்லை.

"வாங்கோ. முதல்ல பாருங்கோ. பிறகு கதைப்பம்."

பின்சுவரில் பலகைச் சட்டத்துக்குள் ஓடுகளை அடுக்கியிருந்தார். முகம் அழகு, கைகள் அழகு. ஓரத்துக் கொடிகளின் பச்சையும் சரியாக இருந்தது. தலையிலிருந்து பாதம்வரை இறங்கும் முக்காடு மட்டும் ஊதா கலந்த ரோஸ். அருகில் போனால் உள்ளே பொடிப் பொடியாய்ப் பளிச்சிடும் புள்ளிகள். கீழே தரையில் நாலைந்து மெழுகுவர்த்திகள் எரிந்துகொண்டிருந்தன. ஒரு பெண் முழங்காலில் இருந்தாள்.

"ஃபிலோமினா" என்றார் ரெஜினா மெல்ல. "இவட மனுசன் துறைமுகத்தில வேலை. சுத்திவளைப்பில பிடிச்சுக்கொண்டு போயிட்டாங்கள். நாங்கள் போறணை திறந்த அண்டுதான் விட்டவங்கள். அதிலயிருந்து ஒழுங்கைச் சனமெல்லாம் வருது. மாதா நிறம் மாத்தினவவாம்."

நான் அந்தப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாதா மாற்றவில்லை. மக்னீசியம் மாற்றியது. பார்த்த முதல் நிமிடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அது எப்படி அங்கே வந்தது என்பதும் தெரிந்துவிட்டது.

நிறத்தின்மேல் பூசிச் சுட்டால் கண்ணாடிபோல் உருகிப் படியும் மெருகுப்பொடியில் சுண்ணாம்புத்தூள் போடுவோம். மாக்கல் தூள் கொஞ்சம் போடுவோம். இரண்டும் வெள்ளை, இரண்டும் ஒரே மாதிரி சாக்கில் வரும். மாக்கல்லில் மக்னீசியம் இருக்கிறது. ஆடி மாதத்தில் ஒருநாள் கலவைக் கொட்டகை ஆள், மூட்டை மாறியிருக்குமோ என்று சந்தேகமாக இருக்கிறது என்று என்னிடம் வந்து சொன்னான். ஒரு சின்ன ஓட்டில் பூசிச் சுட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அன்று மின்சாரம் இல்லை. அடுத்த நாள் என் தங்கைக்கு நிச்சயதார்த்தம். "ஒண்ணும் மாறியிருக்காது" என்று சொல்லிச் சோதனைச் சீட்டில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

"என்ன சேர், காரணம் விளங்குதா?" ரெஜினா கேட்டார்.

"சூளையைப் பார்க்கணும்" என்றேன்.

சூளையைக் காட்டியவர் பியதாச. கொலன்னாவைக்காரர், சிங்களவர், ஐம்பது கடந்தவர், அந்தப் பட்டறையில் இருபது வருடமாக நெருப்புப் போடுபவர். அவருக்குத் தமிழ் விளங்கும், பேசும்போது பாதியில் சிங்களத்துக்குப் போய்விடுவார். ரெஜினா மொழிபெயர்ப்பார். அன்று எத்தனை மணிக்கு நெருப்பு வைத்தார், எந்தத் துவாரத்தால் எப்போது எட்டிப் பார்த்தார், எவ்வளவு நேரம் ஆறவிட்டார் என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். ஒரு தவறும் இல்லை. எங்கள் ஊரில் இவ்வளவு ஒழுங்காக ஒரு சூளைக்காரரை நான் பார்த்ததில்லை.

"இரண்டு நாள் ஆறவிட்டேன். எப்போதும் அப்படித்தான். அவசரப்பட்டுத் திறந்தால் ஓடு வெடிக்கும்" என்றார்.

வெளியே வந்தபோது ரெஜினா விஷயத்தைச் சொன்னார். கோவில் கட்டடக் குழுவில் அந்தோனிப்பிள்ளை என்று ஒருவர் இருக்கிறார். பியதாச வேண்டுமென்றே கெடுத்திருக்கிறான் என்று அவர் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார். நெருப்புப் போட்டவன் சிங்களவன், படமோ தமிழ்ச் சனம் காசு சேர்த்துச் செய்கிற படம், பிறகென்ன என்று கேட்கிறார்.

"பியதாச அய்யே இதுவரைக்கும் ஒரு சொல் சொல்லயில்ல. ஆனா போன மாசத்திலயிருந்து மத்தியானம் இஞ்ச சாப்பிடுறேல்ல. வெளியில போய்ச் சாப்பிடுறார். அதனாலதான் உங்களுக்குக் கடிதம் போட்டனான்."

அன்று மாலை கோவில் பாதரிடம் கூட்டிக்கொண்டு போனார். பாதர் குருவாவதற்கு முன் பள்ளிக்கூடத்தில் ரசாயனம் படிப்பித்தவர். சாப்பாட்டு மேசையில் தேநீர் வந்தது. எதிரே அந்தோனிப்பிள்ளை உட்கார்ந்திருந்தார், வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா.

"எனக்கு விளங்கிறமாதிரிச் சொல்லுங்கோ" என்றார் பாதர். "நீலம் எப்படி ரோஸாகும்?"

நான் மேசையிலிருந்த கூடையை இழுத்துத் தேசிக்காய்களை எடுத்தேன். மூன்றை ஒட்டி வைத்து, மேலே ஒன்றை வைத்தேன். "இந்தக் காய்கள் ஆக்சிஜன்னு வச்சுக்குங்க. நாலுக்கும் நடுவுல ஒரு சின்ன இடம் இருக்கு. நேர்மின் அயனி அங்கதான் உட்காரும்." ஒரு மிளகை அந்தச் சந்தில் தள்ளினேன்.

"கற்றயன்" என்றார் பாதர். "நாங்கள் கற்றயன் எண்டுதான் படிப்பிக்கிறது."

"அதுதான். இந்த மிளகு கோபால்ட். நாலு பேருக்கு நடுவுல இருந்தா நீலம். எங்க பொடியில அலுமினியம் கோபால்டை இப்படித்தான் வச்சிருக்கு." காய்களைக் கலைத்து, கீழே மூன்று, அதன்மேல் திருப்பி மூன்று என்று அடுக்கினேன். ஒன்று உருண்டது. ரெஜினா பிடித்துக்கொண்டார். "இப்ப ஆறு பேர். நடு இடம் பெரிசு. கோபால்ட் இங்க வந்துட்டா ரோஸ். படிகத்துல எந்த அயனி எங்க உட்காருதோ அதை வச்சுத்தான் நிறம்."

"அப்ப பொருள் ஒண்டுதான். இருக்கிற இடந்தான் வேற" என்றார் பாதர். ஒரு காயை எடுத்துக் கையில் உருட்டினார். "சரி. அதை நாலிலயிருந்து ஆறுக்கு ஆர் கூட்டிக்கொண்டு போனது?"

இங்கேதான் நான் சொல்லியிருக்க வேண்டும். மெருகில் மக்னீசியம் கூடியிருந்தால், அது ஆறு பேர் நடுவே உட்காரும் புதுப் படிகங்களை வளர்க்கும். கோபால்டும் கிட்டத்தட்ட அதே பருமன், ஆகவே கூடவே போய் உட்கார்ந்துவிடும். அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். வந்த வார்த்தை வேறு.

"சூளை ரொம்ப மெதுவா ஆறினா, மெருகுக்குள்ள படிகம் வளர நேரம் கிடைக்கும். அதனாலயும் நடக்கலாம்."

அது பொய் இல்லை. பாதி உண்மை. மெருகு சரியாக இருந்தால் ஒரு வாரம் ஆறவிட்டாலும் அந்த முக்காடு நீலமாகத்தான் இருந்திருக்கும்.

"அப்பிடியெண்டால் நெருப்புப் போட்டவன்தான்" என்றார் அந்தோனிப்பிள்ளை. "நான் சொன்னன்தானே பாதர்."

ரெஜினா என்னைப் பார்த்தார். நான் தேநீரைப் பார்த்தேன். நன்றாக இனித்தது. குடிக்க முடியவில்லை.

வெள்ளவத்தையில் வெளிநாட்டுக்குப் பேசும் கடைகள் வரிசையாக இருந்தன. ஒன்றில் கண்ணாடிப் பெட்டிக்குள் நுழைந்து முதலாளியைக் கூப்பிட்டேன். பக்கத்துப் பெட்டியில் ஒரு பெண் பாரிஸிலோ எங்கோ இருக்கும் மகனிடம், "சாப்பிட்டியா, சாப்பிட்டியா" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். மூட்டை மாறிய விஷயத்தை முதலாளியிடம் சொன்னேன்.

"அதைப் போய் அவங்ககிட்ட சொல்லணுமா?" என்றார். "கையெழுத்து உங்களுது சார். யோசிச்சுக்குங்க."

அடுத்த நாள் பட்டறைக்குப் போனபோது பியதாச ஒரு யோசனையோடு காத்திருந்தார். ரெஜினா சொல்லச் சொல்லக் கேட்டேன். 'மஹத்தயா' என்றது என்னை, ஐயா என்று அர்த்தம். இந்தியா மஹத்தயா கொண்டுவந்த வெள்ளைப் பொடியை ஒரு சின்ன ஓட்டில் பூசுவோம். இங்கே இருக்கிற மூட்டைப் பொடியை இன்னொரு ஓட்டில் பூசுவோம். இரண்டிலும் அதே நீலம். ஒரே போறணை, ஒரே நெருப்பு, அதே இரண்டு நாள். இரண்டும் ரோஸாக வந்தால் நான் போகிறேன்.

"போறதுன்னா?" என்று கேட்டேன்.

"வேலையை விட்டிட்டுப் போறாராம்" என்றார் ரெஜினா.

மண்ணெண்ணெய்தான் பிரச்சினை. கொலன்னாவையில் எண்ணெய்த் தாங்கிகள் தாக்குதலில் எரிந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அந்தப் புகையைப் பியதாச தன் வீட்டு வாசலிலிருந்து பார்த்தவர். எங்கும் வரிசை. ஒரு முறை எரிப்பதற்கு வேண்டியதைத் தன் வீட்டுக்காரர்களையும் வரிசையில் நிறுத்தி, முன்பே கலன் கலனாகச் சேர்த்துவைத்திருந்தார். கலனோடு சோதனைச் சாவடி கடப்பது லேசான காரியமில்லை. பாதரிடம் கடிதம் வாங்கி, புகை வரும் என்று பொலிஸிலும் முன்கூட்டிச் சொல்லிவைத்திருந்தார்.

நானே பொடிகளைக் கரைத்து இரண்டு ஓட்டிலும் பூசினேன். பூசி முடித்தபின் இரண்டும் ஒரே வெள்ளை. பின்பக்கம் கீறி அடையாளம் வைத்தோம். பியதாச அவற்றை உள்ளே வைத்து, வாயைச் செங்கல்லால் அடைத்து, மண் பூசினார். நெருப்பு பிடித்ததும் முன்னால் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்தார். ஃபிலோமினா ஒரு தட்டில் கிழங்கு ரொட்டி கொண்டுவந்து எல்லாருக்கும் தந்தாள். பியதாச தன் பங்கை வாங்கிப் பக்கத்தில் வைத்தார், சாப்பிடவில்லை. நான் ஒழுங்கையின் முனைக்கும் சூளைக்கும் நடந்துகொண்டேயிருந்தேன். முடிவு எனக்கு முன்பே தெரியும். தெரியாதவர்கள் அமைதியாக இருந்தார்கள்.

நெருப்பு அணைந்த மறுநாள் இரவு லொட்ஜில் படுத்தேன். ரயில் போகும்போதெல்லாம் ஜன்னல் அதிர்ந்தது. 'சூளை மெதுவாக ஆறியதும் ஒரு காரணமாக இருக்கலாம்' என்று ஒரு வாக்கியத்தை மனதுக்குள் எழுதி எழுதிப் பார்த்தேன். இரண்டு ஓடும் இரண்டு நிறத்தில் வந்தாலும் அந்த வாக்கியம் எப்படியோ நிற்கும்படி செய்யலாம். 'ஒரு' என்பதும் 'இருக்கலாம்' என்பதும் அதற்குத்தானே இருக்கின்றன.

விடியும் நேரம் கதவைத் தட்டினார்கள். சுத்திவளைப்பு. ஆண்கள் எல்லாரையும் கீழே வரிசையில் நிறுத்தினார்கள். பொலிஸில் பதிந்த துண்டுச்சீட்டு இருந்தவர்களை ஒருபக்கம் விட்டார்கள். என்னிடமும் துண்டு இருந்தது. ஆனால் என் அறையைச் சோதித்தவன் மிச்ச வெள்ளைப் பொடியோடு இறங்கிவந்தான். என்னையும் இன்னும் ஆறு பேரையும் டிரக்கில் ஏற்றினார்கள். நாகராசா பின்னாலேயே ஓடிவந்து, "பயப்பிடாதையுங்கோ, அந்த நம்பருக்கு எடுக்கிறன்" என்று கத்தினார்.

அது எந்தப் பொலிஸ் நிலையம் என்பது இங்கே தேவையில்லை. ஒரு நீளமான பெஞ்சில் உட்காரவைத்தார்கள். பக்கத்தில் ஒரு பையன், இருபது வயதிருக்கும், தன் அடையாள அட்டையைப் பிடித்தபடி, "அண்ணை, அடிப்பாங்களா?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை என்றேன். அவனைக் கொஞ்ச நேரத்தில் உள்ளே கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். அதன்பின் நான் அவனைப் பார்க்கவில்லை.

இன்ஸ்பெக்டர் டப்பாவை மேசைமேல் வைத்துச் சிங்களத்தில் கேட்டார். ஆங்கிலத்தில் சொன்னேன். ஓட்டுக்குப் பூசும் மெருகு என்றேன். கம்பெனிக் கடிதத்தைக் காட்டினேன். அவர் அதை ஒரு பக்கம் ஒதுக்கினார். நேரம் போனது.

பத்து மணிவாக்கில் பியதாச வந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், தலை வாரியிருந்தார். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பழைய ஓடு. இன்ஸ்பெக்டர் முன்னால் அதைப் பிரித்து வைத்து, நகத்தால் மெருகைத் தட்டிக் காட்டி, நெடுநேரம் பேசினார். எனக்குப் புரிந்தது 'பல்லிய' என்ற சொல் மட்டும், அதாவது கோவில். மற்றதையெல்லாம் பிறகு ரெஜினா சொல்லித்தான் அறிந்தேன். இந்தப் பொடியை என் கையால் போறணைக்குள் வைத்திருக்கிறேன், இது கோவில் வேலை, இந்த மனிதர் எங்கள் விருந்தாளி, இவருக்கு நான் பொறுப்பு என்று சொல்லியிருக்கிறார். இன்ஸ்பெக்டர் ஒரு பெரிய புத்தகத்தைத் திருப்பினார். பியதாச குனிந்து தன் பெயரையும் கொலன்னாவை விலாசத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் ஒரு கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் மாலு பாணும் பிளேன்டீயும் வாங்கித் தந்தார். மீனும் கிழங்கும் அடைத்த அந்தப் பாணை என்னால் கடிக்க முடியவில்லை.

"உங்களுக்குப் பயமா இல்லையா?" என்று கேட்டேன்.

யோசித்துத் தமிழில் சொன்னார். "பயந்தான். ஆனா மஹத்தயா நாளைக்கு வேணும். நீங்க இல்லாம போறணை திறந்தா, பியதாச ஓடு மாத்திட்டான்னு சொல்லுவாங்க."

அப்போது சொல்லியிருக்கலாம். அங்கே நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். அவர் தன் பிளேன்டீயை ஊதி ஊதிக் குடித்தார், நான் பாணைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் போட்டேன். பஸ் வந்தது.

மறுநாள் காலை போறணை வாயைத் திறக்கும்போது பட்டறை நிறைய ஆட்கள். பாதர், அந்தோனிப்பிள்ளை, ஃபிலோமினா, ஒழுங்கைச் சனம். பியதாச செங்கல்லை ஒவ்வொன்றாக எடுத்தார். உள்ளே கைவிட்டு இரண்டு ஓடுகளையும் எடுத்து, பின்பக்கத்தைத் தான் பார்க்காமல் பாதரிடம் நீட்டினார்.

ஒன்று நீலம், கடலில் வெயில் விழுந்ததுபோல் தெளிந்த நீலம். மற்றது ரோஸ், அதே பொடிப் புள்ளிகளோடு.

பாதர் திருப்பிப் பார்த்தார். "நீலம் சேர் கொண்டுவந்த பொடி. ரோஸ் மூட்டையில இருந்தது."

அந்தோனிப்பிள்ளை இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்ப மூட்டையில ஆர் என்ன கலந்தது? அது இவன் கையிலதானே இருந்தது" என்றார்.

"இல்லை" என்றேன்.

சொல்லத் தொடங்கியபின் நிறுத்த முடியவில்லை. சுண்ணாம்பு, மாக்கல், ஒரே மாதிரி சாக்கு, கலவைக்காரன் வந்து சொன்னது, மின்சாரம் இல்லாதது, தங்கையின் நிச்சயதார்த்தம். "சுட்டுப் பார்க்காம சரின்னு கையெழுத்துப் போட்டது நான். மூட்டை எங்க ஊர்லேருந்தே தப்பா வந்தது. பியதாச நெருப்புல ஒரு குறையும் இல்லை. அன்னைக்குச் சூளை மெதுவா ஆறினதாலன்னு நான் சொன்னது… என்னைக் காப்பாத்திக்கச் சொன்னது." பாதரிடமே தாள் கேட்டு, அங்கேயே அவ்வளவையும் எழுதித் தேதி போட்டுக் கொடுத்தேன்.

பாதர் வாசித்துவிட்டு அதை அந்தோனிப்பிள்ளையிடம் நீட்டினார். அவர் வாசித்தார். காது சிவந்தது. பியதாசவின் பக்கம் திரும்பிச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். பியதாச தலையை ஆட்டினார். ஆனால் அவர் கண் என்மேல்தான் இருந்தது. ரெஜினாவிடம் ஏதோ கேட்டார்.

"என்ன கேக்கிறார்?"

"இது உங்களுக்கு எப்ப தெரியுமெண்டு கேக்கிறார்."

"வந்த அன்னைக்கே."

ரெஜினா அதைச் சிங்களத்தில் சொன்னார். பியதாச இன்னொரு கேள்வி கேட்டார், சின்னக் கேள்வி.

"அப்ப நேத்துப் பொலிஸில…" ரெஜினா நிறுத்தினார்.

"தெரியும்" என்றேன்.

பியதாச என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபம் இருந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பிறகு துடைப்பத்தை எடுத்துப் போறணை வாயில் உதிர்ந்து கிடந்த மண்ணைக் கூட்டத் தொடங்கினார். எல்லாரும் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

சனம் கலைந்தபிறகு ஃபிலோமினா என்னிடம் வந்தாள். "அப்ப இந்தப் படத்தை என்ன செய்வீங்கள்?"

"சரியான மெருகு அனுப்புவோம். முக்காட்டு ஓடு மட்டும் புதுசா சுட்டுப் பதிக்கணும்."

"இதை உடைச்சுப் போடாதையுங்கோ. நான் வீட்டுக்குக் கொண்டுபோறன்."

"அது மாதா மாத்தினது இல்லைங்க. மக்னீசியம்."

"விளங்குது" என்றாள். "என்ர மனுசன் வந்திட்டார்தானே" என்று சொல்லிவிட்டுப் போய், மெழுகுவர்த்திகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அன்று மத்தியானம் பட்டறையில்தான் சாப்பாடு. சிவப்பரிசிச் சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, பொரித்த சாளை மீன். பியதாச உள்ளே வந்து பலகையில் உட்கார்ந்தார். ரெஜினா அவருக்கு முதலில் பரிமாறினார். நான் எதிரே இருந்தேன். அவர் இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டார்.

புறப்படும் காலையில் விமான நிலையத்துக்குப் போவதற்கு முன் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். ரெஜினா கோவிலுக்குப் போயிருந்தார். பியதாச தனியாகக் களிமண் பிசைந்துகொண்டிருந்தார். லொட்ஜ் நாகராசாவிடம் கேட்டு மனப்பாடம் செய்துவைத்திருந்த சிங்கள வார்த்தையைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்கிறேன் என்று அர்த்தம். உச்சரிப்புத் தவறியிருக்க வேண்டும். அவர் நிமிர்ந்து, இன்னொருமுறை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

கையைத் துடைக்காமல் எழுந்துவந்தார். அவர் தமிழிலேயே பேசினார், ஒவ்வொரு சொல்லாகத் தேடி.

"மூட்டை அனுப்புங்க. நல்லா அனுப்புங்க."

"கண்டிப்பா. இந்தத் தடவை நானே பார்த்து…"

"ஓம், ஓம்" என்று கையால் தடுத்தார். "நீங்க பாருங்க. கையெழுத்துப் போடுங்க. இங்க வந்ததும் நான் சின்ன ஓட்டில சுட்டுப் பாப்பேன். அதுக்குப் பிறகுதான் மாதாவுக்கு."

அவ்வளவுதான். திரும்பிப் போய் உட்கார்ந்து, மண்ணை மறுபடி பிசையத் தொடங்கினார்.